வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் தோலை நீங்களே பார்ப்பது எப்படி?



இந்த இதழில் நான் எழுதப்போகும் விஷயம் கொஞ்சம் கூச்சமானது. வீட்டுக்குள்ளேயே பலர் கதைக்காத விஷயம். ஆனால் கதைக்காமல் விட்டதால் ஒரு மனிசன் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஐயா வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாட்டுக்கு வந்து ஆறு கிழமைதான். பஸ் காசு பற்றி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். கதிரையைக் காட்டினேன், "இல்லை ரீச்சர், நிக்கிறன்" என்றார். இரண்டாம் முறை வந்தபோதும் நின்றபடியே கதைத்தார். மூன்றாம் முறைதான் கேட்டேன், "ஐயா, உங்களுக்கு இருக்க ஏலாமல் ஏதும் நோ இருக்கோ?" என்று. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு பை. அதைச் சுற்றிக் கடையில் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பையும், பெட்டி ஒட்டுகிற டேப்பும்.

2009இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டு ஒப்பரேஷன் செய்தபோது வைத்த வழி அது. ஊரில் இருந்து கொண்டுவந்த பைகள் முடிந்துவிட்டன. ஒரே அறையில் இன்னும் மூன்று பேர். மணம் வந்துவிடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பையைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் கரைந்து ஈரமாக இருந்தது. நான் பதறிப் போனேன். அவர் சொன்னது இதுதான்: "இந்த வருத்தம் எண்டால் எரியும்தானே ரீச்சர், என்ன செய்யிறது."

இல்லை ஐயா, இல்லை. இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். பை வைத்திருப்பது எரிய வேண்டிய ஒன்று அல்ல. பைக்குக் கீழே இருக்கும் தோல், வயிற்றின் மற்றப் பக்கத்துத் தோலைப் போலவே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம்.

நான் டொக்டரோ நேர்ஸோ அல்ல. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இங்கே ஆட்களை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே நேர்ஸ்மார் சொல்லித் தந்ததைக் கேட்டுப் படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்களே வைத்தியம் செய்ய வேண்டாம். என்ன பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் இது.

ஸ்டோமா என்றால் என்ன?

குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்த வாயைத்தான் இங்கே ஸ்டோமா என்கிறார்கள். பெருங்குடலில் வைத்தால் கொலஸ்டமி. அதில் மலம் ஓரளவு கட்டியாக வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைத்தால் இலியஸ்டமி. அதில் தண்ணியாக வரும். சலம் போவதற்கு வைத்தால் யூரோஸ்டமி. உங்களுக்கு வைத்திருப்பது எது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. வருவது கட்டியா, தண்ணியா, சலமா என்று சொன்னாலே நேர்ஸ் ஓரளவு விளங்கிக்கொள்வார்.

இது ஏன் முக்கியம் என்றால், இலியஸ்டமியில் வரும் தண்ணியில் சாப்பாட்டைச் செமிக்கச் செய்யும் நீர்கள் கலந்திருக்கும். அவை இறைச்சியையே கரைக்கக் கூடியவை. தோலில் பட்டால் தோலையும் கரைக்கத் தொடங்கும். அதனால் இலியஸ்டமி உள்ளவர்கள் சிறு கசிவைக்கூடப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. எரிவு தெரிந்தால் இரவு 2 மணியென்றாலும் எழும்பிப் பையை மாற்றுங்கோ.

நல்ல ஸ்டோமா எப்படி இருக்கும்? உங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கோ. அதே போலச் சிவப்பாக அல்லது ரோசாவாக, ஈரமாக இருக்கும். எங்கள் தோல் எந்த நிறமானாலும் குடலின் நிறம் அதுதான். அதைத் தொட்டால் நோகாது. துடைக்கும்போது ஒரு பொட்டு இரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அங்கே மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. ஸ்டோமாவில் நோ தெரியாது, ஆனால் அதைச் சுற்றியுள்ள தோலில் நன்றாகத் தெரியும்.

பை மாற்றும்போது பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் இரண்டு நிமிடம் செலவழித்துப் பாருங்கோ. காலையில் சாப்பிட முன் மாற்றினால் அவ்வளவாக ஒன்றும் வராது. ஜன்னல் வெளிச்சம் நல்லது. ஒரு கண்ணாடி, இளஞ்சூட்டுத் தண்ணி, மெல்லிய காய்ந்த துணி அல்லது பேப்பர், புதுப் பை எல்லாவற்றையும் முதலிலேயே பக்கத்தில் எடுத்து வையுங்கோ.

முதலாவது, கழற்றும் விதம். பிளாஸ்டரை இழுப்பது போல இழுக்க வேண்டாம். ஒரு கையால் தோலை அமத்திப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக மெல்ல மெல்லக் கழற்றுங்கோ. பசையைக் கழற்றுவதற்கு ஸ்பிறே இருக்கிறது, ஜீ.பி. மருந்துத் துண்டில் எழுதித் தரலாம். இழுத்துக் கழற்றுவதாலேயே மேல் தோல் உரிந்து போகிறவர்கள் பலர்.

இரண்டாவது, கழற்றிய பையை உடனே எறிய வேண்டாம். தோலில் ஒட்டியிருந்த வட்டத்தை நேர்ஸ்மார் 'பிளேட்' என்பார்கள். அதைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கோ. பசை வெள்ளையாக ஊதி, கரைந்து போன இடம் எது? மலம் உள்ளே ஊர்ந்து போன தடம் எந்தப் பக்கம்? அந்தப் பக்கம்தான் கசிகிறது. பிள்ளை எங்கே பிழைவிட்டது என்று கொப்பியைப் பார்த்தால் தெரிவதுபோல, பை எங்கே பிழைவிட்டது என்று பிளேட்டைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, வெறும் தண்ணியால் கழுவி, ஒற்றித் துடையுங்கோ. தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய விடுங்கோ.

நான்காவது, படுத்தபடி ஒருக்கால், இருந்தபடி ஒருக்கால், நின்றபடி ஒருக்கால் பாருங்கோ. படுக்கும்போது மட்டமாக இருக்கும் வயிறு, இருக்கும்போது மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியாகத்தான் கசியும். பயணத்தில் உடம்பு மெலிந்து, பிறகு இங்கே வந்து உடம்பு வைத்தவர்களுக்கு வயிற்றின் அமைப்பே மாறியிருக்கும். முன்பு சரியாக இருந்த பை இப்போது சரிவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது, ஸ்டோமாவை அளந்து பாருங்கோ. ஒப்பரேஷன் முடிந்து முதல் 6 முதல் 8 கிழமைக்குள் அது சுருங்கும். பிளேட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் பெரிதாக இருக்க வேண்டும். ஓட்டை பெரிதானால் இடையில் தெரியும் தோலில் மலம் படும். மிக இறுக்கமானால் ஸ்டோமாவை வெட்டும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருப்பது மிகவும் பொதுவான பிழை.

எந்த இடத்தில் புண் என்பதே காரணத்தைச் சொல்லும்

நேர்ஸ் முதலில் பார்ப்பது புண் எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்பதைத்தான். நீங்களும் அப்படியே பாருங்கோ.

ஸ்டோமாவை ஒட்டிய இடத்தில், அல்லது ஒரு பக்கம் மட்டும் ஈரமாகக் கரைந்து எரிகிறதா? அநேகமாகக் கசிவுதான். எல்லாக் காரணங்களிலும் இதுதான் அதிகம். பையின் வகையையோ ஓட்டையின் அளவையோ மாற்ற வேண்டிவரும்.

பிளேட் இருந்த வடிவத்திலேயே, அளவெடுத்து வெட்டியது போலக் கடிக்கிறதா? அந்தப் பசை உங்கள் உடம்புக்கு ஒத்துவராமல் இருக்கலாம். வேறு நிறுவனத்தின் பை தருவார்கள்.

சின்னச் சின்னப் பொட்டுகள், நடுவில் ஒரு பெரிய படை, அதைச் சுற்றித் தூரத் தூரப் புள்ளிகள், பொறுக்க முடியாத கடியா? பங்கசு தொற்றியிருக்கலாம். வேர்வை, ஈரம், அன்டிபயோட்டிக் குடித்தது, சீனி வருத்தம் இவை இருப்பவர்களுக்கு இது வரும். இதற்குத் தனி மருந்து உண்டு. எண்ணெய்த் தன்மையான கிறீம் பூசினால் பை ஒட்டாது, அதனால் பவுடராகவோ வேறு விதமாகவோ தரும்படி கேளுங்கோ.

ஒவ்வொரு மயிரின் அடியிலும் பரு மாதிரியா? மயிரோடு சேர்த்து இழுபடுவதால் வருவது. மயிரைக் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டலாம், அல்லது மயிர் வளரும் திசையில் கவனமாகச் சவரம் செய்யலாம். அறையில் இருப்பவரின் ரேசரை வாங்கிப் பாவிக்க வேண்டாம்.

பெல்ட், சாரக்கட்டு அல்லது காற்சட்டையின் இடுப்பு அமத்துகிற இடத்தில் ஒரே ஒரு ஆழமான புண்ணா? அழுத்தத்தால் வந்திருக்கும். கட்டும் இடத்தை மாற்ற வேண்டும்.

சலப் பை வைத்திருப்பவர்களுக்கு, சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் பாலுண்ணி போல மொத்தமாகத் தோல் தடித்து வளர்ந்திருக்கிறதா? நீண்ட நாள் தோல் சலத்தில் ஊறியதன் அடையாளம்.

ஊதா நிற விளிம்போடு, பார்த்தால் சின்னதாக ஆனால் தாங்க முடியாத நோவுள்ள, கெதியில் பெரிதாகிற புண்ணா? காத்திருக்க வேண்டாம். குடல் அழற்சி வருத்தம் உள்ள சிலருக்கு வரும் ஒருவகைப் புண் இப்படி இருக்கும். அதற்குத் தோல் டொக்டர் பார்த்து மருந்து தர வேண்டும். சாதாரணப் புண் என்று நினைத்துக் கட்டுப்போட்டால் ஆறாது.

இடத்தைச் சொல்ல ஒரு சுகமான வழி இருக்கிறது. ஸ்டோமாவை ஒரு மணிக்கூடு என்று நினையுங்கோ. உங்கள் தலைப் பக்கம் 12 மணி, கால் பக்கம் 6 மணி. "4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில்" என்று சொன்னால், பாஷை தெரியாவிட்டாலும் நேர்ஸுக்கு உடனே விளங்கும். விரலால் எண்ணிக் காட்டினாலே போதும்.

பல நேர்ஸ்மார் தோலைப் பார்த்து மூன்று விஷயங்களுக்குப் புள்ளி போடுவார்கள். நிறம் மாறியது, தோல் கரைந்தது, தோல் தடித்து வளர்ந்தது. ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தில், எவ்வளவு கடுமையாக என்று பார்த்து மொத்தம் 15 வரை போடுவார்கள். பூச்சியம் என்றால் நல்ல தோல். பள்ளிக்கூடத்தில் கூடிய புள்ளி நல்லது, இங்கே குறைந்த புள்ளிதான் நல்லது. அடுத்த முறை போகும்போது புள்ளி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கோ. கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் தோலில் 'சிவப்பு' தெரியாது

இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கோ. இங்கே தரும் துண்டுப் பிரசுரங்களில் "தோல் சிவந்தால் சொல்லுங்கள்" என்று போட்டிருக்கும். படத்தில் இருப்பதும் பெரும்பாலும் வெள்ளைத் தோல். எங்கள் பலரின் தோலில் அழற்சி வந்தால் அப்படிச் சிவக்காது. கறுத்துப் போகும், அல்லது மண்ணிறமாக, ஊதாவாக, சாம்பலாக மாறும். அதனால் "சிவந்திருக்கா?" என்று கேட்டால் நாங்கள் "இல்லை" என்று உண்மையைத்தான் சொல்கிறோம். அவர்களும் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே நிறத்தை மட்டும் பார்க்க வேண்டாம். வயிற்றின் மற்றப் பக்கத்தில் அதே இடத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. புறங்கையை வைத்துப் பாருங்கோ, மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா? வீங்கி இறுகியிருக்கிறதா? மினுங்குகிறதா? ஈரம் கசிகிறதா? தொட்டால் நோகிறதா? மேல் தோல் போன இடம் எங்களுக்கும் ரோசாவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது ஆரம்பம் அல்ல, ஏற்கனவே தோல் உரிந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. புண் ஆறிய பிறகும் எங்கள் தோலில் கறுப்பு அடையாளம் மாதக் கணக்கில் நிற்கும். சிலருக்கு வெளிறி நிற்கும். அதைப் பார்த்து இன்னும் ஆறவில்லை என்று பயந்து மருந்துக்கு மேல் மருந்து பூசுபவர்களும் இருக்கிறார்கள். காய்ந்து, வழுவழுப்பாக, சூடில்லாமல், எரிவும் நோவும் இல்லாமல் இருந்தால் அது பழைய அடையாளம். ஈரம், சூடு, எரிவு, வீக்கம் இருந்தால் அது இப்போது நடக்கிற புண். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கோ.

கையில் போன் இருந்தால் கிழமைக்கு ஒருக்கால் ஒரே இடத்தில் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கோ. அடுத்த தவணையில் காட்டினால் ஆயிரம் வார்த்தை சொல்லத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது?

வைத்தியசாலையிலும் ஜீ.பி.யிடமும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இதைச் சொல்லச் செய்ய வேண்டாம். பிள்ளையும் கூனிக் குறுகும், நீங்களும் பாதியை மறைப்பீர்கள். ஆண் அல்லது பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தவணை போடும்போதே கேளுங்கோ.

மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழராக இருந்தால் ஒரு சிக்கல். நாங்கள் "கடிக்குது" என்போம். அவர்கள் அதை "அரிக்குது" என்பார்கள். ஒரு தங்கச்சி "பைக்குக் கீழ கடிக்குது" என்று சொல்ல, போனில் இருந்தவர் ஏதோ பூச்சி கடித்ததாக மொழிபெயர்த்துவிட்டார். நேர்ஸ் படுக்கையில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று விசாரித்தார். இன்னொருவர் "வயித்தாலை போகுது" என்றார். தண்ணியாகப் போகிறது என்பதுதான் அவர் கருத்து. ஆனால் வயிற்றால் வெளியே வருகிறது என்று மொழிபெயர்த்தார்கள். பை வைத்தவருக்கு அப்படித்தானே வரும் என்று நேர்ஸும் தலையாட்டிவிட்டார்!

ஆகவே இப்படிச் சொல்லுங்கோ. கடி என்பதற்கு "அரிப்பு, சொறியவேணும் போல இருக்கு". நோ என்பதற்கு "வலி". எரிவு என்பதற்கு "எரிச்சல்". சலம் என்பதற்கு "சிறுநீர்". வயித்தாலை போவதற்கு "தண்ணி மாதிரி, வழமையைவிடக் கூடப் போகுது". அரிப்பும் எரிச்சலும் வலியும் நேர்ஸுக்கு மூன்று வேறு வேறு துப்புகள். எல்லாவற்றையும் "வருத்தமா இருக்கு" என்று ஒன்றாகச் சொன்னால் துப்பு கிடைக்காது. எத்தனை நாளாக, பையை எத்தனை நாளுக்கு ஒருக்கால் மாற்றுகிறீர்கள், கசிகிறதா, தோலில் என்ன பூசினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கோ.

செய்யக் கூடாதவை

தேங்காயெண்ணெய், மஞ்சள், வேப்பிலை, தைலம், பாம் எதுவும் பூச வேண்டாம். ஊரில் அம்மா எல்லாப் புண்ணுக்கும் பூசியிருப்பா, தெரியும். ஆனால் எண்ணெய் பட்டால் பை ஒட்டாது. ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் புண் கூடும். கிருமிநாசினித் திரவமும் குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் துணியும் வேண்டாம். வாசனைப் பவுடரும் வேண்டாம். ஸ்டோமாப் பவுடர் என்று தனியாக இருக்கிறது. அதை ஈரமான இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுத்தான் பையை ஒட்ட வேண்டும். ஒட்ட முன் பிளேட்டைக் கைகளுக்கு இடையில் வைத்துச் சூடாக்குங்கோ. ஒட்டிய பிறகும் ஒரு நிமிடம் கையை மேலே வைத்திருங்கோ.

பை மூன்றில் ஒரு பங்குக்கும் அரைவாசிக்கும் இடையில் நிறையும்போதே வெறுமையாக்குங்கோ. நிறைந்தால் பாரத்தில் இழுபடும். கையெழுத்து வைக்கப் போகும்போதும் ஹோம் ஒபிஸ் இன்டர்வியூவுக்குப் போகும்போதும் மாற்றுப் பையைக் கொண்டு போங்கோ. இடையில் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று முன்கூட்டியே லோயர் மூலம் எழுதிக் கொடுக்கலாம்.

பையை மிச்சம் பிடிக்க வேண்டாம், சாப்பாட்டையும் குறைக்க வேண்டாம்.

உடனே உதவி தேட வேண்டியவை

ஸ்டோமா கறுப்பாக அல்லது கடும் ஊதாவாக மாறினால், இரத்தம் உள்ளிருந்து நிற்காமல் வந்தால், ஒன்றுமே வெளியே வராமல் வயிறு ஊதிச் சத்தியும் கடும் வலியும் இருந்தால், தோல் சூடாகி வீக்கம் பரவிக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், இலியஸ்டமியில் தண்ணியாக நிறையப் போய்த் தலைசுற்றி, சலம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ அல்லது 999 அழையுங்கோ. அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 111ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கோ, மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

பையும் வைத்தியமும் எங்கே, எவ்வளவு?

"காசு கேட்பினம், பொலிசுக்குச் சொல்லுவினம்" என்று பயந்து இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜீ.பி.யிடம் பதிவதற்குக் காசு இல்லை. பாஸ்போர்ட்டோ வீட்டு முகவரிக்கான அத்தாட்சியோ இல்லை என்ற காரணத்துக்காக இங்கிலாந்தில் பதிவை மறுக்கக் கூடாது. மறுத்தால் எங்களுக்கு அறிவியுங்கோ. புகலிடக் கோரிக்கை அல்லது அப்பீல் நடந்துகொண்டிருக்கும் காலத்தில் வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் காசு கட்டத் தேவையில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் வேறு. அவர்கள் போகாமல் இருந்துவிடாமல் முதலில் எங்களோடு கதையுங்கோ.

பைகள் மருந்துத் துண்டில்தான் கிடைக்கும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துத் துண்டு எல்லோருக்கும் இலவசம். இங்கிலாந்தில், அரசின் புகலிட ஆதரவு பெறுபவர்களுக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் வரும். அதைக் காட்டினால் காசு இல்லை. அதில் முடிவுத் திகதி போட்டிருக்கும், அதைக் கவனியுங்கோ. நிரந்தர ஸ்டோமா உள்ளவர்களுக்கு இன்னொரு விலக்குச் சான்றிதழும் உண்டு. எவ்.பி.92ஏ என்ற படிவத்தை ஜீ.பி.யிடம் கேட்டு நிரப்பினால் 5 வருடத்துக்குச் செல்லும்.

பெரும்பாலான பெரிய வைத்தியசாலைகளில் ஸ்டோமா நேர்ஸ் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். புதிதாக வந்தவர்கள் ஜீ.பி.யிடம் "ஸ்டோமா நேர்ஸிடம் அனுப்புங்கோ" என்று கேளுங்கோ. ஒருமுறை பதிந்த பிறகு பொதுவாக நேரடியாகவே போன் பண்ணலாம். பைகள் முடிய இரண்டு கிழமைக்கு முன்பே அடுத்ததைக் கேளுங்கோ.

உங்களை வேறு நகரத்துக்கு மாற்றும்போதுதான் பலருக்குப் பை அறுபடுகிறது. பழைய முகவரிக்குப் பெட்டி போகும், நீங்கள் புது இடத்தில் பிளாஸ்டிக் பையோடு இருப்பீர்கள். ஆகவே பைப் பெட்டியின் மேலே இருக்கும் பெயரையும் இலக்கத்தையும் இன்றே படம் எடுத்து வையுங்கோ. புது ஜீ.பி.யிடம் முதல் நாளே அதைக் காட்டுங்கோ. தனி அறை அல்லது பக்கத்தில் கழிப்பறை தேவை என்று டொக்டரிடம் கடிதம் வாங்கினால் தங்குமிடம் கேட்கும்போது உதவும். அந்தக் கடிதத்தை எழுதிக் கேட்க நாங்கள் உதவி செய்வோம்.

ஷெல், துவக்குச் சூடு அல்லது சித்திரவதையால் வந்த காயத்துக்குத்தான் ஸ்டோமா வைத்தார்கள் என்றால் அதை லோயரிடம் மறைக்க வேண்டாம். "ஒப்பரேஷன் செய்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள் பலர். அது உங்கள் வழக்கில் முக்கியமான சாட்சியாக இருக்கலாம். அத்துடன், தற்காலிகமாக வைத்த சில ஸ்டோமாக்களைத் திரும்ப உள்ளே வைக்க முடியும். உங்களுக்கு முடியுமா என்று ஸ்பெஷலிஸ்டிடம் கேளுங்கோ.

முதலில் சொன்ன ஐயாவின் கதையை முடிக்க வேண்டும். ஜீ.பி.யிடம் பதிந்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போன் பண்ணி, அந்தக் கிழமையே ஸ்டோமா நேர்ஸைப் பார்த்தோம். அவர் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தார், ஐயாவை இருக்கச் சொல்லி வயிற்று மடிப்பைப் பார்த்தார், ஓட்டையை அளந்தார். வேறு வகைப் பை, சரியான அளவு, கொஞ்சம் பவுடர். அவ்வளவுதான். மூன்று கிழமையில் தோல் மூடிவிட்டது. கறுப்பு அடையாளம் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் சொல்ல முன்பே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "உங்களிட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது ரீச்சர். முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

உங்கள் அறையில், உங்கள் விடுதியில் இப்படி நின்றபடியே கதைக்கும் ஒருவர் இருக்கலாம். இந்தப் பக்கத்தை வெட்டி அவரிடம் கொடுங்கோ. நீங்களாகவே இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வாங்கோ. கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம். காரணத்தை வரவேற்பில் சொல்லத் தேவையில்லை, "ரீச்சரைப் பார்க்க வேணும்" என்றால் போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.